உயிர் என்று கூடுதலாக ஒரு சொல்

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஒப்புதல் ஆணையில் எழுத்துப்பிழை காணப்பட்டால் குழுத் தலைவர் கையொப்பமிட்டுத் தாமே திருத்தலாம். பொருட்பிழை காணப்பட்டால் குழு மறுபடி கூடித்தான் திருத்த வேண்டும். எது எந்தப் பிழை என்று ஐயம் எழுந்தால் தலைவர் மேலலுவலகத்தைக் கேட்கலாம். அவ்வாறு கேட்கப்பட்டால் மேலலுவலகம் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'தரலாம்' அல்ல, 'தர வேண்டும்'. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவரை நான் பார்த்ததில்லை. வாழ்க்கையில் பெரிய நம்பிக்கை உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்துத் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வந்த ஒரே பதவி, திண்டுக்கல்லுக்கு அப்பால் வடமதுரைச் சாலையில் இருக்கும் ஓர் ஆய்வு மையத்தின் விலங்கு ஆய்வு ஒப்புதல் குழுவில் வெளி உறுப்பினர் பதவி. அறிவியல் தெரியாத ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதி என்னிடம் குறைவில்லாமல் இருந்தது.

பிழை செய்தவள் நான். அதை வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவின் நடவடிக்கைக் குறிப்பு தமிழில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவளும் நானே. மையத்திலிருந்து வந்த வரைவில் 'பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு எதிர்ப்பொருள் செலுத்தி' என்று இருந்தது. எதற்கு எதிர், என்ன பொருள்? சொல் மொட்டையாக நிற்பதாக எனக்குப் பட்டது. எங்கோ படித்த ஞாபகத்தில் முன்னால் 'உயிர்' என்று சேர்த்துச் செப்பம் செய்து அனுப்பினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். ஆணை ஆயிற்று.

எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபாடி. நோயை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பே செய்கிற புரதம். இப்போது அதை வெளியில் செய்து மருந்தாகவும் ஏற்றுகிறார்கள். உயிர் எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபயாடிக், சளி முற்றினால் ஐந்து நாள் விழுங்கச் சொல்கிற மாத்திரை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் உயிர் மட்டுமே.

சனிக்கிழமை காலை செலின் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஆய்வைச் செய்கிறவர் அவர்தான். திண்டுக்கல் ஊர்க்காரர், முப்பத்து நான்கு வயது, அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள்.

"மேடம், ஆர்டர்ல ஆன்டிபயாடிக்னு இருக்கு. எலிக்கூடத்துல முருகேசண்ணன் குஞ்சுகளத் தொட விடமாட்டேங்கிறாரு. மூணு தாய் எலி நெறமாசமா இருக்கு. மொதலாவது புதன்கிழமை ஈனும். பொறந்து நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஊசி போடணும். மருந்த ஃப்ரீசர்ல இருந்து எடுத்துட்டேன், திரும்ப உறைய வெச்சா கெட்டுப்போகும். இன்னொரு குப்பி கெடையாது, புராஜெக்ட் இந்த வருசத்தோட முடியுது."

"அந்தச் சொல் எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டேன்.

இப்படிக் கேட்டவள் நான். கேட்டுவிட்டு, நேரில் வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.  ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கி, விடுதியில் பையைப் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். புறப்பட்டு உறுமிக்கொண்டிருந்த வண்டியின் நடத்துநரிடம் "வடமதுரை போகுமா?" என்றேன். பக்கத்து வண்டி ஹாரன் அடித்தது. "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறினேன். காலியாக இருந்த இருக்கையில் உட்காரப் போனபோது ஒரு பெண்மணி கையை நீட்டித் தடுத்தார்.

"டீச்சர், துண்டு கெடக்குல்ல. எங்க ஆளு டீ குடிக்கப் போயிருக்காக."

ஜன்னல் வழியாக எறியப்பட்ட ஒரு பச்சைத் துண்டு அங்கே கிடந்தது. சென்னைப் பேருந்தில் துண்டுக்கு இத்தனை சட்ட மதிப்பு கிடையாது. இன்னொரு விஷயம்: இந்த ஊரில் மூக்குக் கண்ணாடியும் பருத்திப் புடவையும் தோல்பையுமாக ஒரு பெண் தனியாக வந்தால் அவள் டீச்சர். நான் டீச்சர் அல்ல என்று முதல் நாள் மூன்று பேரிடம் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டியபின் நடத்துநர் வந்தார். "மதுரைக்கு ஒண்ணா?"

"வடமதுரை."

"டீச்சர், இது மதுரை வண்டி. வடமதுரை திருச்சி ரோட்டுல இருக்கு. நீங்க தெக்க போயிட்டிருக்கீங்க."

"நான் வடமதுரை என்றுதான் கேட்டேன்."

"மதுரைங்கிறது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. 'வட'வ ஹாரன் முழுங்கிருச்சு."

பின் இருக்கையில் ஒருவர், "ரெண்டும் மதுரைதான டீச்சர். இங்கன மீனாட்சி இருக்கா, பாத்துட்டுப் போங்க" என்றார். வண்டி சிரித்தது. முன்னால் ஒரு சொல் விழுந்துபோனதால் நான் எதிர்த்திசையில் போகிறேன். முன்னால் ஒரு சொல் சேர்ந்துபோனதால் அங்கே ஓர் ஆய்வு நிற்கிறது. சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. சின்னாளப்பட்டி பிரிவில் இறக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் வண்டி பிடித்து, திரும்பித் திண்டுக்கல் வந்து, நான்கு பேரிடம் கேட்டு, நான்காவது ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்த பிறகு சரியான வண்டியில் ஏறினேன். அரை நாள் போயிற்று.

மையத்தின் எலிக்கூடத்து வாசலில் முருகேசன் நின்றிருந்தார். கூடத்தின் பொறுப்பாளர். பக்கத்தில் அகரம் என்ற ஊர்க்காரர், வீட்டில் பூந்தோட்டம் உண்டு. என்னை உள்ளே விடுமுன் தலையைப் பார்த்தார்.

"மல்லிகைய எடுத்துருங்க டீச்சர். வாசன ஆகாது. தாய் மெரண்டுச்சுன்னா குஞ்சத் தின்னுரும். நானே காலைல பூ எடுத்துட்டு ரெண்டு தடவ குளிச்சுட்டுத்தான் வாரேன். சோப்புக் கூடப் போடுறதில்ல."

பேருந்து நிலையத்தில் வாங்கிய ஒரு முழம் பூவை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினேன். பிறகு ஆணையை அவர் முன் விரித்தேன். இது ஆன்டிபாடியைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமே என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து உறை போட்ட ஒரு பாடப்புத்தகத்தை எடுத்தார்.

"எம்மக பன்னெண்டாவது படிக்கிறா. அவ புக்கு. பாருங்க, எதிர்ப்பொருள், ஆன்டிபாடி. இங்கன பாருங்க, உயிர் எதிர்ப்பொருள், ஆன்டிபயாடிக். ஆர்டர்ல எது போட்டிருக்கு? டாக்டரம்மா குப்பில எது இருக்கு? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரவுக ஏன்யா குடுத்தேன்னு என்னையத்தான கேப்பாக."

பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் என் பிரிவில் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்தார், வேறு ஊரில், தப்பான நேரத்தில்.

செலின் என்னைக் கண்ணாடிச் சன்னலுக்கு அழைத்துப் போனார். மூன்று பெட்டிகளில் மூன்று வெள்ளைத் தாய்கள், காகிதத் துணுக்குகளைக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. இந்த ஆய்வுக்கு நான் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மேடம், பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல?"

"இன்றைக்குக் காலையில் கூடப் பார்த்தேன்."

"அதேதான். பொறந்த மொத சில நாள்ல காவல் செல்லுங்க வந்து தோல்ல, நுரையீரல்ல, குடல்ல எடம் புடிக்கும். அப்பப் புடிச்ச எடந்தான் பலதுக்குக் கடைசி வரைக்கும். அந்த நேரம் பாத்து ஒரு ஆன்டிபாடியக் குடுத்து, ஒரு வகைச் செல்ல மட்டும் வர விடாமத் தடுக்கிறோம். அப்பறம் மருந்து வடிஞ்சுரும். எலி பெருசாகும். ஆறு வாரம் கழிச்சு அந்த சீட்டு காலியாவே கெடக்கா, இல்ல பின்னால ஏறுன வேற செல்லு உக்காந்துருச்சா, உக்காந்தா அதே வேலையச் செய்யுதா? இதான் கேள்வி. ஒரே தாயோட குஞ்சுல பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணி. கூடப் பொறந்ததுங்களோடதான் ஒப்பிடணும். நாள் தவறுனா ஒண்ணுத்துக்கும் ஆகாது."

இப்போது கர்ப்பிணிகளும் சிலர் மூட்டு நோய்க்கும் குடல் நோய்க்கும் எதிர்ப்பொருள் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அது பிள்ளைக்கும் போகிறது, அதனால்தான் கேட்கிறோம் என்றார். எலியில் தெரிவது குழந்தைக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். நிதி கேட்கிற விண்ணப்பங்களில் இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அதிகம் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சித்தையன்கோட்டை. குழுத் தலைவர் நாச்சிமுத்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், தென்னந்தோப்பில் வீடு. கைபேசியை எடுக்க மாட்டார், எடுத்தால் "நேர்ல வாங்க" என்று வைத்துவிடுவார். இந்த முறை ஊர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி ஏறினேன். வயலும் வாழையும் தென்னையுமாக வழி பச்சையாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் பையிலிருந்த குறிப்பை மூன்று முறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறிப்பு முந்தின நாள் மாலை விடுதியில் எழுதியது. 'மேற்படி ஆணையில் "உயிர்" என்னும் சொல் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளது தெரியவருகிறது. அது நீக்கப்பட வேண்டியுள்ளது.' சேர்க்கப்பட்டுள்ளது, நீக்கப்பட வேண்டியுள்ளது. செயப்பாட்டு வினையில் அலுவலகமே நடக்கிறது. அதில் செய்தவன் இருக்க மாட்டான். முப்பத்தோரு வருடம் அந்த வீட்டில் குடியிருந்தவள் நான்.

நாச்சிமுத்து ஒரு வெள்ளாட்டின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து முதலில் சாப்பிடச் சொன்னார். அவர் மனைவி இலை போட்டுவிட்டு, "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதாம், சுரைக்காய்க் கூட்டும் வாழைப்பூப் பொரியலும் இருந்தன. சென்னையில் 'சைட் டிஷ்' என்று சொல்லி நல்ல சொல்லை இழந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே, எதையும் ருசிக்காமல் விழுங்கினேன்.

குறிப்பை வாசித்துவிட்டு அவர் கேட்டார். "சரி. யாரு சேத்தது?"

"வரைவு நிலையில் சேர்ந்திருக்கிறது."

"தானா சேராதுல்ல? வரைவு அந்தப் புள்ள செலின் ஆபீஸ்ல இருந்துதான வந்துச்சு?"

"அங்கிருந்துதான் வந்தது" என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

குறிப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எழுத்துப்பிழைன்னா நான் இப்பவே அடிச்சுக் கையெழுத்துப் போட்டுருவேன். ஆனா ஒண்ணச் சொல்லி ஒப்புதல் வாங்கிட்டு இன்னொண்ண ஏத்துறாங்களோன்னு ஒரு சந்தேகம் வருதும்மா. அப்படின்னா அது பொருட்பிழை. நான் தலையக் குடுக்க முடியாது."

ஆணையில் 'உயிர்' என்பதை அடித்தார். கையெழுத்துக்கு மேலே 'மேலலுவலகப் பதிலுக்கு உட்பட்டு' என்று எழுதினார். கடைத்தெருவில் ஒரு கணினி மையத்துக்குப் போய், ஜூலை எட்டு என்று தேதியிட்டுக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினோம். தங்கள் கடிதம் பெறப்பட்டது என்று நொடியில் ஒரு தானியங்கிப் பதில் வந்தது. நாச்சிமுத்து, "பரவால்லயே, இம்புட்டு வேகமா" என்றார். அது பதில் இல்லை என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை நான் போனபோது முதல் தாய் ஈன்றிருந்தது. ஒன்பது குஞ்சுகள். ரோஜா நிறம், கண் மூடியது, கட்டைவிரல் நுனி அளவு. வயிற்றுத் தோல் வழியாகக் குடித்த பால் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. "பொட்டுத் தெரிஞ்சா நல்லாப் பால் குடிக்குதுன்னு அர்த்தம் டீச்சர். ஒம்பதுக்கும் தெரியுது" என்றார் முருகேசன். பிறந்த நேரம் காலை பத்து இருபது என்று பெட்டிச் சீட்டில் எழுதியிருந்தார்.

செலின் ஆணையைக் காட்டினார். "மேடம், தலைவர் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரே. ஊசி போட்டுரலாமா?"

"'உட்பட்டு' என்று இருக்கிறதே."

"பதில் எப்படியும் சரின்னுதான வரும்?"

"வந்தால் சரி. வராவிட்டால், அல்லது வேறு மாதிரி வந்தால், நீங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்ததாக ஆகும். ஆய்வு முழுவதும் செல்லாது. உங்கள் பெயரும் போகும். மூன்று வேலை நாள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும். விதி இருக்கிறது."

என் குரல் உறுதியாக இருந்தது எனக்கே ஆச்சரியம். அந்த 'உட்பட்டு' என்ற சொல்லை வைத்து எத்தனை பேரின் சான்றிதழை நிறுத்தி வைத்திருக்கிறேன். அத்தனை பேரிடமும் இதே குரலில்தான் பேசியிருப்பேன்.

மேலலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்தியில் ஒருவர் எடுத்தார். என் இந்தி தேர்வுக்குப் படித்த இந்தி. புரிந்தவரை தமிழில் தருகிறேன்.

"அம்மையாரே, உங்கள் கேள்வி எந்த மொழிச் சொல்லைப் பற்றியது?"

"தமிழ்."

"அதை வாசிக்கிற அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார்."

"எப்போது வருவார்?"

"பயிற்சி முடிந்ததும்."

வியாழக்கிழமை செய்வதற்கு ஒன்றும் இல்லை. விடுதி மேலாளர், ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று பார்த்தவர்கள் எல்லாம் "பிரியாணி சாப்ட்டாச்சா டீச்சர்?" என்றார்கள். எனக்குக் கவுச்சி பழக்கமில்லை என்றதும் மேலாளர் துக்கம் விசாரிப்பது போலப் பார்த்தார். "பின்ன எதுக்குத் திண்டுக்கல்லு வந்தீங்க?"

"ஒரு கடிதத்துக்குப் பதில் வர வேண்டும்."

"தபாலாபீசு பக்கத்துலதான் இருக்கு."

மலைக்கோட்டையைக் கீழிருந்து பார்த்தேன். ஏறினால் மேலே கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஏறவில்லை. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி இரண்டு சாப்பிட்டேன். சின்னது, தோல் தடிமன், வாயில் போட்டால் பிசுபிசுவென்று இனிக்கிறது. மூன்றாவதை உரிக்கும்போது கைபேசி அதிர்ந்தது. தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம். பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். மணி பார்த்தேன், ஒன்பது குஞ்சுகளுக்கு இருபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று நாலு மணிக்கு விடுதிக் காகிதம் ஒன்றை எடுத்து, 'நான் சேர்த்தேன்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டே சொல். பணிக்காலம் முழுவதும் எந்தக் கோப்பிலும் நான் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதாக நினைவில்லை. நாளைக்குள் பதில் வந்துவிடும், இது தேவைப்படாது என்று மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே எலிக்கூடத்தில் இருந்தேன். செலின் ஊசிகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தார், ஒருவேளைக்கு. நாங்கள் மூவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து மணி. பத்தே கால். பத்து இருபதுக்குச் செலின் ஊசிகளை மறுபடி உறைகளில் போடத் தொடங்கினார். பத்து நாற்பதுக்குக் கைகழுவப் போனார்.

ஆய்வுக்கு ஆகாத குஞ்சுகளை வைத்திருக்க ஒப்புதல் இல்லை. அவற்றை அகற்றும்போது குழு உறுப்பினர் ஒருவர் ஊரில் இருந்தால் உடன் இருக்க வேண்டும். இருந்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறதோ அப்படியே முருகேசன் செய்தார். அதை இங்கே எழுத மாட்டேன். சீக்கிரம் முடிந்தது. பால் பொட்டு அப்போதும் தெரிந்தது. தாய் எலி கூட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, காகிதத் துணுக்குகளை மறுபடி அடுக்கிவைத்தது.

முருகேசன் படிவத்தை எடுத்தார். "பயன்படுத்தப்படாதவை ஒம்பது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர். என்ன எழுத?"

"பிற என்று எழுதுங்கள்."

"பிறன்னா விளக்கம் கேக்கும். டாக்டரம்மா ஆபீஸ் தப்புன்னு எழுதிரவா? ஊருல அப்படித்தான் பேசிக்கிறாக. தலைவரே சொன்னாராம்."

செலின் கதவருகே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார்.

படிவத்தை வாங்கினேன். 'உயிர் என்ற சொல்லை வரைவில் சேர்த்தது நான். பொருள் தெரியாமல் சேர்த்தேன். விண்ணப்பத்தில் எந்த மாற்றமும் இல்லை' என்று எழுதி, பெயரும் பதவியும் தேதியும் இட்டுக் கையெழுத்துப் போட்டேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் ஏறிப் போயிற்று.

முருகேசன் வாசித்துவிட்டுச் செலினிடம் நீட்டினார். செலின் வாசித்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை; பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கட்கிழம இது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"சனிக்கிழமையே தெரியும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார், பேருந்தில் துண்டைக் காட்டிய பெண்மணியைப் போல. அந்த இடம் எனக்கில்லை.

"ரெண்டாவது தாய் இன்னிக்கு மத்தியானம் ஈனும். மூணாவது நாளைக்கு. சித்தையன்கோட்டைக்கு மொத பஸ் எப்பன்னு கேட்டு வெச்சுக்கங்க" என்றார்.

மதியம் ஒன்றரைக்கு இரண்டாவது தாய் எட்டுக் குஞ்சுகள் ஈன்றது.

சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறினேன். நாச்சிமுத்து பல் குச்சியோடு தோப்பில் நின்றார். படிவத்தின் நகலைக் கொடுத்தேன். வாசித்தார். குச்சியைத் துப்பிவிட்டு மறுபடி வாசித்தார்.

"செவ்வாக்கிழம இதத்தானம்மா கேட்டேன்."

"ஆமாம்."

"சேத்த ஆளே தெரியாமச் சேத்தேன்னு எழுதிக் குடுத்தா அது எழுத்துப்பிழைதான. அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் அந்தப் புள்ளையப் போய்..." உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, 'உட்பட்டு' என்ற வரியை அடித்து, பக்கத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட்டார். "மேல இருந்து வேற மாதிரி பதில் வந்தா ரெண்டு பேருமா வாங்கிக்கிருவோம். செத்த நேரம் இருங்க, காப்பி போடச் சொல்றேன்." இருக்கவில்லை.

திரும்புகிற வண்டி பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். எனக்கும் ஒருவர் புளிச்சோறு நீட்டினார். நான் சாலையில் நின்று கையைக் காட்டினேன். தக்காளிக் கூடைகள் ஏற்றிய ஒரு சிறிய லாரி நின்றது.

"எங்க போகணும் டீச்சர்?"

"வடமதுரைச் சாலை. வட. வடக்கே இருப்பது."

"தெரியும் டீச்சர், நான் அந்த ஊருதான். ஏன் இப்படிப் பயந்து சொல்றீங்க?"

இரண்டாவது தாயின் குஞ்சுகளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். முருகேசன் ஆணையை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கையெழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, நகலெடுத்துக் கோப்பில் சேர்த்து, அதன் பிறகே பெட்டியைத் திறந்தார். அவர் அவசரப்பட்டிருந்தால் அவர் மேல் எனக்கு மதிப்புக் குறைந்திருக்கும். செலின் ஊசியை எடுத்தார். நான்குக்கு மருந்து, நான்குக்கு உப்பு நீர். மூன்றாவது தாய் மாலையில் ஏழு ஈன்றது. நான் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். வாசல் ஆணியில் என் மல்லிகைச் சரம் காய்ந்து அப்படியே தொங்கியது. முருகேசன் அதை எடுக்கவில்லை, அவர் வேலை அல்ல.

சென்னையில் தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறப்பது பழக்கமாயிற்று. பொருட்பிழை என்று பதில் வந்தால் அந்தப் பதினைந்து குஞ்சுகளும் செல்லாதவை. ஒவ்வொரு வாரமும் செலின் ஒரு வரி அனுப்பினார். கண் திறந்துவிட்டன. தாயைப் பிரித்துவிட்டோம். எடை சரியாக ஏறுகிறது. 'மேடம்' என்று தொடங்கும், வேறு ஒன்றும் இருக்காது. ஆறாவது வாரத்தில் செல்களை எண்ணினார்கள். சில இடம் காலி, சில இடத்தில் பின்னால் வந்தவை உட்கார்ந்திருக்கின்றன, இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, முதல் தாயின் ஒன்பதும் இருந்திருந்தால் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தார். குற்றம் சாட்டி எழுதவில்லை. கணக்கு அப்படி.

மேலலுவலகத்தின் பதில் அதற்கும் பிறகு வந்தது. ஒரு பத்தி. 'மேற்படி ஐயம் எழுத்துப்பிழை வகையைச் சார்ந்ததாகக் கருதப்படுகிறது. இது தலைவர் அளவிலேயே உரிய நேரத்தில் முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.' கருதப்படுகிறது, முடிக்கப்பட்டிருக்க வேண்டும். யாரால் என்று இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'என்னால்' என்று எழுதி, கோப்பில் வைப்பதற்காக முருகேசனுக்கு ஒரு நகல் அனுப்பினேன். பெறப்பட்ட தேதி என்ற கட்டத்தை அவர் வழக்கம்போல முதலில் நிரப்பியிருப்பார்: செப்டம்பர் பன்னிரண்டு.